என்ரிகோ டாண்டோலோ: பழி தீர்க்க வந்த டோஜேயா, கடனுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்த டோஜேயா?

#1 திசைகாட்டி

வெனிஸ் குடியரசைப் பற்றி எங்கே பேச்சு தொடங்கினாலும் கடைசியில் என்ரிகோ டாண்டோலோவிடம் வந்து நிற்கும். 1192-ல் அந்தக் குடியரசின் தலைவராக, அதாவது டோஜே, ஆனார். 1205-ல், ஊர் திரும்பாமலேயே, கான்ஸ்டான்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) இறந்தார். நடுவில் நடந்ததுதான் நான்காம் சிலுவைப் போர். எருசலேமை மீட்கக் கிளம்பிய படை, 1204 ஏப்ரலில் கான்ஸ்டான்டிநோபிள் என்ற, பைசாந்தியப் பேரரசின் கிறிஸ்தவத் தலைநகரையே சூறையாடிவிட்டு அங்கேயே தங்கிவிட்டது.

இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். பைசாந்தியர்கள் கண்ணைக் குருடாக்கியதால் முப்பது ஆண்டு வஞ்சம் வைத்திருந்த கிழவர், ஏமாளிப் பிரபுக்களின் படையைத் தன் பழிக்குப் பயன்படுத்திக்கொண்டார் என்று. படிக்க விறுவிறுப்பாக இருக்கும். ஆனால் கணக்கு வழக்கைப் பார்த்தால் வேறு மனிதர் தெரிகிறார்.

முதலில் டோஜே என்றால் யார்? வாழ்நாள் முழுக்கப் பதவியில் இருப்பார், ஆனால் மன்னர் இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்டவர். பதவியேற்கும்போது எழுத்து வடிவில் ஓர் உறுதிமொழி கொடுக்க வேண்டும். முழுமையாக நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய டோஜே உறுதிமொழி, டாண்டோலோ 1192-ல் கொடுத்ததுதான். பொதுச் சொத்தில் கை வைக்க மாட்டேன், ஆலோசகர்கள் சம்மதம் இல்லாமல் போப்புக்கோ மன்னர்களுக்கோ கடிதம் அனுப்ப மாட்டேன் என்கிற ரீதியில் போகும். ஊரைக் கேட்காமல் சொந்தப் பழிக்காகக் கடற்படையைத் திருப்பும் அதிகாரம் அந்தப் பதவிக்குக் கிடையாது.

தவறினால் என்ன ஆகும் என்பதும் அவருக்குத் தெரியும். 1171 மார்ச்சில் பேரரசர் மானுவேல் கொம்னேனோஸ் ஒரே நாளில் தன் நாட்டிலிருந்த வெனிஸ்காரர்களைப் பிடித்து அடைத்து, சொத்துகளைப் பறிமுதல் செய்தார். அன்றைய டோஜே இரண்டாம் வித்தாலே மிக்கியேல் பெரிய கடற்படையோடு போனார். கியோஸ் தீவில் முகாமிட்டிருந்தபோது கொள்ளைநோய் பரவியது. 1172-ல் ஏராளமான ஆட்களை இழந்து திரும்பியவரை ஊர்க்காரர்களே தெருவில் குத்திக் கொன்றார்கள். டாண்டோலோ அந்தத் தலைமுறைக்காரர். 1172-லேயே தூதராகக் கான்ஸ்டான்டிநோபிள் போய்வந்தவர்.

இனி 1201-க்கு வருவோம். பிரெஞ்சுப் பிரபுக்களின் ஆறு தூதர்கள் வெனிஸுக்கு வந்து கப்பல் கேட்டார்கள். 4,500 குதிரைகள், 4,500 வீரப்பிரபுக்கள், 9,000 உதவி வீரர்கள், 20,000 காலாட்கள். குதிரைக்கு 4 மார்க், ஆளுக்கு 2 மார்க். கூட்டினால் 85,000 வெள்ளி மார்க். வெனிஸ் தன் செலவில் 50 போர்க்கப்பல்களைச் சேர்க்கும். பிடிப்பதில் சரிபாதி அதற்கு. 1202-ல் வந்து சேர்ந்ததோ மூன்றில் ஒரு பங்கு ஆட்கள்தான். தட்டில் இருந்த வெள்ளிக் கிண்ணம்வரை விற்றுக் கொடுத்தும் 34,000 மார்க் பாக்கி.

கப்பல்கள் கட்டி முடித்துத் துறையில் நிற்கின்றன. ஊரே ஓர் ஆண்டுக்கு மேல் வியாபாரத்தை விட்டுவிட்டு அந்த வேலையைப் பார்த்திருக்கிறது. அந்த 34,000 மார்க்குக்கு யார் பதில் சொல்வது? இதற்குப் பின் டாண்டோலோ எடுத்த ஒவ்வொரு முடிவையும் இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால்தான் புரியும் என்பது என் கருத்து. மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

#2 மாலா திருச்சி

நல்ல தொடக்கம் திசைகாட்டி சார். பழிவாங்கும் கிழவர் கதையை நானும் ஏற்கவில்லை. ஆனால் கணக்குப் புத்தகத்தை மட்டும் வைத்துப் பேசினால் அந்த நகரத்தில் இருந்தவர்கள் காணாமல் போய்விடுகிறார்கள்.

நிகெதாஸ் கோனியாதெஸ் என்றொருவர். பேரரசில் மிக உயர்ந்த பதவியில் இருந்தவர், வரலாறு எழுதியவர், எல்லாவற்றையும் நேரில் பார்த்தவர். 1203 ஆகஸ்டில் மேற்கத்தியர் வைத்த பெருந்தீயில் அவருடைய மாளிகை போனது. ஹாகியா சோபியா பேராலயத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீட்டுக்குக் குடிபோனார். 1204 ஏப்ரலில் படை உள்ளே புகுந்தபோது அவரைக் காப்பாற்றியது யார் தெரியுமா? ஒரு வெனிஸ்காரர். தொமினிகோ என்ற திராட்சை மது வியாபாரி, அந்த ஊரிலேயே குடும்பத்தோடு வாழ்ந்தவர், நிகெதாஸின் பழைய நண்பர். போர்வீரன் போல உடுத்திக்கொண்டு வாசலில் நின்று, 'இந்த வீட்டை நான் ஏற்கெனவே பிடித்துவிட்டேன்' என்று கொள்ளைக்காரர்களிடம் அவர்கள் மொழியிலேயே சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார். அதுவும் தாங்காத நிலை வந்ததும், அவர்களைத் தான் பிடித்த கைதிகள் போல இழுத்துக்கொண்டு போய்ப் பாதுகாப்பாக வெளியேற்றினார்.

போகும் வழியில் ஒரு நீதிபதியின் மகளை ஒருவன் பிடித்து இழுத்துப் போக, நிகெதாஸ் பின்னாலேயே ஓடி, வழியில் நின்ற வேறு சில வீரர்களிடம் கெஞ்சி, அவர்களை அழைத்துக்கொண்டு போய் அந்தப் பெண்ணை மீட்டார். அது ஒரு பெண். மீட்க ஆள் இல்லாத மற்றவர்களை எண்ணிப் பாருங்கள்.

டாண்டோலோவின் வாழ்க்கையைப் பேசும்போது இந்த மூன்று நாட்களும் அதில் ஒரு பகுதி. பாக்கி வசூல் என்ற தலைப்பில் இதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

#3 சேலம் சிவா

இரண்டையும் படித்தேன். இந்த விஷயம் எனக்குப் புதிது, அதனால் அடிப்படையான கேள்விகள். அவருக்குக் கண் எப்படிப் போனது? உண்மையிலேயே தொண்ணூறு வயதில் போருக்குப் போனாரா? அப்புறம் 85,000 மார்க் என்றால் எவ்வளவு?

#4 திசைகாட்டி

சிவா, கடைசிக் கேள்வி எளிது. கொலோன் மார்க் என்பது சுமார் 234 கிராம் வெள்ளி. 85,000 மார்க் என்றால் ஏறக்குறைய 20 டன். பாக்கி மட்டும் 8 டன்.

கண். மானுவேல் பேரரசர் தூதராக வந்தவரைக் கண்ணாடியை வைத்துச் சூரிய ஒளியால் குருடாக்கினார் என்பது பின்னாளில் பரவிய கதை. அவரோடு பல ஆண்டு கூடவே இருந்த பிரெஞ்சுத் தளபதி வில்லார்துவான், தலையில் பட்ட காயத்தால் பார்வை போனது என்கிறார். கண்கள் பார்க்க நன்றாகவே இருந்தன, ஆனால் எதுவும் தெரியாது என்றும் எழுதுகிறார். இதைவிட வலுவான சான்று அவருடைய கையெழுத்து. 1174-ல் அவர் ஒப்பமிட்ட ஆவணத்தில் எழுத்து தெளிவாக இருக்கிறது. 1176-ல் எழுத்துகள் வரியை விட்டு விலகிச் சிதறுகின்றன. அதற்குப் பிந்தைய ஆவணங்களில் அவர் தன் கையால் எழுதுவதே இல்லை. ஆக, தூதராகப் போன 1172-ல் யாரும் அவரைக் குருடாக்கவில்லை. வஞ்சக் கதைக்கு அஸ்திவாரமே அதுதான். அது நிற்கவில்லை.

வயது பற்றி: பதவியேற்றபோது 85 என்பது வெனிஸில் பின்னால் எழுதப்பட்ட குறிப்பு. அதன்படி 1107 வாக்கில் பிறந்தவர். அதைக் கொஞ்சம் குறைத்துப் போடும் ஆய்வாளர்களும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் மிக வயதானவர் என்பதில் நேரில் பார்த்த எல்லாரும் ஒன்றுபடுகிறார்கள்.

மாலா அம்மா, தொமினிகோவைச் சொன்னது நல்லது. என் வாதத்துக்கும் அவர் முக்கியம். அவரைப் போல எத்தனையோ வெனிஸ் குடும்பங்கள் அந்த நகரத்தில் கடை வைத்து வாழ்ந்தன. 1198-ல் டாண்டோலோவே பேரரசோடு பேசி வியாபார உரிமைகளை மீண்டும் எழுதி வாங்கினார். தன் ஊர்க்காரர்கள் பிழைக்கும் சந்தையை எரிக்க நினைப்பவர் அதற்காக ஏன் அத்தனை ஆண்டுகள் மெனக்கெட வேண்டும்?

#5 காசுப்பெட்டி

நாணயம் சேர்ப்பவன் என்ற முறையில் ஒரு விஷயம் சேர்க்கிறேன். டாண்டோலோ செய்த காரியங்களில் மிக நீண்ட காலம் நின்றது அவர் அடித்த வெள்ளிக் காசு. பெயர் க்ரோஸ்ஸோ. அதுவரை வெனிஸில் புழங்கியது செம்பு மிகுதியாகக் கலந்த மெல்லிய சில்லறை. பெரிய வியாபாரத்துக்கு வெள்ளிக் கட்டியையோ அந்நிய நாணயத்தையோதான் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். 1193-94 வாக்கில் இவர் சுமார் 2.2 கிராம் எடையில், 98 விழுக்காட்டுக்கு மேல் தூய்மையான வெள்ளியில் காசு அடிக்கச் செய்தார். ஒரு பக்கம் அரியணையில் கிறிஸ்து. மறுபக்கம் புனித மாற்கு டோஜேயின் கையில் கொடியைத் தருகிறார். இருவருக்கும் நடுவில் கொடிக்கம்பு நெட்டுக்குத்தாக நிற்கும். எடையும் தரமும் தலைமுறை தலைமுறையாக மாறாததால் கிழக்கு மத்திய தரைக்கடல் முழுக்க இந்தக் காசை எண்ணி வாங்கினார்கள், நிறுத்துப் பார்க்கவில்லை.

சிலுவைப் படைக்குக் கப்பல் கட்டிய தச்சர்களுக்குக் கூலி கொடுக்கத்தான் இதை அடித்தார் என்று ஒரு பழைய கதை உண்டு. காசு அதற்குச் சில ஆண்டுகள் முந்தியது. ஆனால் வந்து குவிந்த அந்த வெள்ளியில் பெரும்பகுதி க்ரோஸ்ஸோவாக மாறித்தான் தச்சர்கள் கைக்குப் போயிருக்க வேண்டும்.

நம் பக்கத் தொடர்பு ஒன்றும் உண்டு. 1284-ல் வெனிஸ் தங்க டக்கட்டை அடித்தபோது டோஜேயாக இருந்தவரும் ஒரு டாண்டோலோ, ஜியோவான்னி டாண்டோலோ. அந்தத் தங்கக் காசுகள் மிளகு வாங்கவும் துணி வாங்கவும் தென்னிந்தியாவரை வந்தன, இங்கே புதையல்களாகவும் கிடைத்திருக்கின்றன. அதிலும் டோஜே கொடிக்கம்பைப் பிடித்தபடி மண்டியிட்டிருப்பார். நம்மூர் மக்கள் அதைப் பனையேறுகிறவர் என்றே எடுத்துக்கொண்டார்கள். அந்தக் காசைக் கையில் வைத்துப் பார்த்தால் அப்படித்தான் தெரியும்.

#6 கப்பல்காரன்

சரக்குக் கப்பலில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். இந்தக் கதையில் எல்லாரும் பிரபுக்களையும் போப்பையும் பேசுகிறார்கள். எனக்கு மலைப்பாக இருப்பது வெனிஸ் துறைமுகம் செய்த வேலை.

சுமார் 60,000 பேர் இருந்திருக்கக்கூடிய ஊர். அது 33,500 பேரையும் 4,500 குதிரைகளையும் ஏற்ற ஓர் ஆண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் கப்பல் கட்டித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டது. ஆட்கள் கரையில் இறங்குவது பெரிய காரியமில்லை. குதிரையை வாரக்கணக்கில் கடலில் வைத்திருந்து, எதிரி நிற்கும் கரையில் இறக்கி, உடனே ஏறிச் சண்டை போடும்படி செய்வதுதான் கஷ்டம். அதற்கென்று தனிக் கப்பல். பக்கவாட்டிலோ பின்புறத்திலோ கதவு இருக்கும். குதிரைகளை ஏற்றியதும் கதவை மூடி, சந்து பொந்தெல்லாம் அடைத்துவிடுவார்கள். பாரம் ஏறினால் அந்தக் கதவு நீர்மட்டத்துக்குக் கீழே போய்விடும். 1203 ஜூலையில், கான்ஸ்டான்டிநோபிளுக்கு எதிரே உள்ள கலாத்தா கரையில் இந்தக் கதவுகளைத் திறந்து பலகை போட்டுத்தான் வீரர்கள் குதிரைகளைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். எதிரில் நின்ற பேரரசரின் படை நின்று சண்டை போடாமலேயே பின்வாங்கியது.

இத்தனை கப்பலுக்கும் மாலுமிகள் வேண்டுமே. வெனிஸில் போர் செய்யும் வயதில் இருந்தவர்களில் பாதிப்பேர் போக வேண்டும் என்று முடிவானது. யார் போவது? ராபர்ட் டி கிளாரி என்ற சாதாரண வீரர் எழுதி வைத்திருக்கிறார். மெழுகு உருண்டைகளை இரண்டிரண்டாகச் செய்து, ஒன்றில் மட்டும் சீட்டு வைத்தார்கள். பாதிரியார் ஆசீர்வதித்து, இரண்டு பேருக்கு ஆளுக்கு ஒன்றாகக் கொடுப்பார். சீட்டு யாருக்கு வந்ததோ அவர் கப்பலேற வேண்டும். இத்தனை வீடுகளில் இத்தனை உருண்டைகள் உடைந்திருக்கின்றன. படை வராமல் போனால் அந்த வீடுகளுக்கெல்லாம் டோஜேதான் முகம் கொடுக்க வேண்டும். திசைகாட்டி சொல்லும் கணக்கு எனக்குச் சரியாகவே படுகிறது.

#7 மாலா திருச்சி

கப்பல்காரன் அண்ணா, நீங்கள் சொன்ன மெழுகு உருண்டை என்னையும் உலுக்கியது. ஊர் எவ்வளவு பெரிய பொறுப்பை ஏற்றது என்பதில் எனக்கு மறுப்பே இல்லை.

ஆனால் ஸாராவை யாரும் தொடவில்லையே. இன்றைய குரோவேஷியாவில் ஸாதர் என்ற துறைமுகம். வெனிஸின் பிடியிலிருந்து விலகி ஹங்கேரி மன்னரின் பாதுகாப்பில் இருந்தது. அந்த மன்னர் எமெரிக்கே சிலுவைப் போருக்குப் போவதாக உறுதிமொழி எடுத்தவர். பாக்கிக்கு வாய்தா கொடுக்கிறேன், பதிலுக்கு ஸாராவைப் பிடித்துக் கொடுங்கள் என்று டாண்டோலோ கேட்டார். கிறிஸ்தவ நகரத்தைத் தாக்கக் கூடாது என்று போப் மூன்றாம் இன்னொசென்ட்டின் கடிதமே வந்தது. வோ டி செர்னே மடத்தின் தலைவர் கீ எழுந்து நின்று அதைச் சொன்னார். ஊர்க்காரர்கள் மதில் மேல் சிலுவைகளைத் தொங்கவிட்டார்கள். அப்படியும் 1202 நவம்பர் 24-ல் நகரம் விழுந்தது. பிரெஞ்சுப் பிரபு சிமோன் டி மோன்போர் இதில் எனக்குப் பங்கு இல்லை என்று ஒதுங்கினார், பிறகு படையை விட்டே போனார். ஆக, மறுக்க முடியாத நிலை என்று எதுவும் இல்லை. மறுத்தவர்கள் இருந்தார்கள்.

இன்னொன்று, 1204 மார்ச் ஒப்பந்தம். நகரத்தைப் பிடிப்பதற்கு ஒரு மாதம் முன்பே டாண்டோலோவும் பிரபுக்களும் உட்கார்ந்து எழுதியது. கொள்ளையில் வெனிஸின் பாக்கி தீரும்வரை மூன்று பங்கு வெனிஸுக்கு, ஒரு பங்கு மற்றவர்களுக்கு. புதுப் பேரரசரைத் தேர்ந்தெடுக்க ஆறு வெனிஸ்காரர், ஆறு பேர் மற்ற தரப்பில். நிலத்தை எப்படிப் பிரிப்பது என்பதுவரை இருக்கிறது. பாக்கிக்காரரிடம் கறாராக இருப்பது ஒன்று. பாக்கிக்காக ஒரு பேரரசையே பங்கு போட்டு எழுதி வைப்பது வேறு.

#8 திசைகாட்டி

ஸாராவில் மாலா அம்மாவோடு எனக்குச் சண்டை இல்லை. அங்கே டாண்டோலோ வெனிஸின் பழைய கணக்கைச் சிலுவைப் படையின் தோளில் ஏற்றினார். போப் திருச்சபையை விட்டு விலக்கியபோது பிரபுக்கள் மன்னிப்புக் கேட்டு விடுபட்டார்கள். வெனிஸ்காரர்கள் கேட்கவே இல்லை.

ஆனால் கான்ஸ்டான்டிநோபிள் யோசனை எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பதவியிழந்து கண் பறிக்கப்பட்ட பேரரசர் இரண்டாம் ஈசாக்கின் மகன் அலெக்ஸியோஸ், ஜெர்மனியில் தன் மைத்துனர் சுவாபியாவின் பிலிப்பிடம் தஞ்சம் புகுந்திருந்தார். படைத்தலைவர் மான்பெராவின் போனிபாஸ் அந்தப் பிலிப்பின் உறவினர். 1203 தொடக்கத்தில் ஸாராவில் இருந்த படைக்கு அலெக்ஸியோஸின் வாக்குறுதி வந்தது: என்னை அரியணையில் ஏற்றினால் 2,00,000 மார்க், எகிப்துக்கு 10,000 வீரர்கள், புண்ணிய பூமியில் நிரந்தரமாக 500 வீரப்பிரபுக்கள், கிழக்குத் திருச்சபை போப்புக்குக் கீழே வரும். கையில் காசில்லாத படைக்கு இது வரம். டாண்டோலோ கண்ணை மூடிக்கொண்டு இதை நம்பியிருக்க மாட்டார். அந்த அரசவையை முப்பது ஆண்டாக அறிந்தவர். ஆனாலும் சம்மதித்தார், காரணம் வேறு எந்த வழியிலும் கடன் அடையாது.

1203 ஜூலை 17 அன்று அவர் என்ன செய்தார் என்பதை வில்லார்துவான் சொல்கிறார். வெனிஸ் கப்பல்கள் கான்ஸ்டான்டிநோபிளின் பொற்கொம்பு வளைகுடா மதிலை நெருங்கத் தயங்குகின்றன. முழுக்கவசம் அணிந்து முன்னணியத்தில் நிற்கிறார் கண் தெரியாத டோஜே. எதிரே புனித மாற்கின் கொடி. என்னைக் கரையில் இறக்குங்கள், இல்லையென்றால் உங்களுக்குத் தண்டனைதான் என்று கத்துகிறார். அவருடைய கப்பல் முதலில் தரை தட்டுகிறது. கொடி இறங்கியதைப் பார்த்து மற்றக் கப்பல்களெல்லாம் வெட்கப்பட்டு முன்னால் வருகின்றன. 25 கோபுரங்களைப் பிடித்தார்கள். அதே நாளில், மறுபக்கம் பிரெஞ்சுப் படையை அப்போதைய பேரரசர் மூன்றாம் அலெக்ஸியோஸ் பெரும் சேனையோடு நெருங்குகிறார் என்று செய்தி வந்ததும், கஷ்டப்பட்டுப் பிடித்த கோபுரங்களை விட்டுவிட்டு அவர்கள் பக்கம் போய் நின்றார் டாண்டோலோ. தன் லாபத்தை மட்டும் பார்ப்பவர் செய்யும் வேலையா இது?

#9 மாலா திருச்சி

> தன் லாபத்தை மட்டும் பார்ப்பவர் செய்யும் வேலையா இது?

துணிச்சலில் குறையே சொல்ல முடியாது சார். அந்தக் காட்சியைப் படிக்கும்போது எனக்கும் மெய் சிலிர்க்கும். ஆனால் அதே ஜூலை 17 அன்று, பிடித்த இடத்தைக் காக்க வெனிஸ்காரர்கள் குடியிருப்புகளுக்கு வைத்த தீ நகரத்தின் வடபகுதியைத் தின்றது. மூன்று பெருந்தீக்களில் அது முதலாவது.

வாக்குறுதி கொடுத்த இளைஞன் நான்காம் அலெக்ஸியோஸாக முடிசூடினான். கருவூலத்தில் பணம் இல்லை. தேவாலய விளக்குகளையும் திருவுருவங்களின் வெள்ளியையும் உருக்கித் தவணை கட்டினான். அதுவும் நின்றபோது டாண்டோலோ அவனை நேரில் சந்தித்துப் பேசியதைக் கிளாரி எழுதுகிறார். 'அசிங்கத்திலிருந்து உன்னைத் தூக்கினோம், அதிலேயே மறுபடி தள்ளுவோம்' என்றாராம். 1204 பிப்ரவரியில் அந்த இளைஞனை, அரசவைப் பிரபு முர்ட்ஸூஃப்லோஸ் கழுத்தை நெரித்துக் கொன்று தானே ஐந்தாம் அலெக்ஸியோஸ் ஆனார். கடன்காரனே செத்துவிட்டான். அதற்கு அடுத்த மாதம்தான் அந்தப் பங்கு ஒப்பந்தம்.

கடன் அவரை ஸாராவரை கொண்டுபோனது, கான்ஸ்டான்டிநோபிள் வாசல்வரைகூடக் கொண்டுபோனது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே நுழைந்து மூன்று நாள் சூறையாடியது கடனால் வந்ததில்லை.

#10 கப்பல்காரன்

ஏப்ரல் 12 தாக்குதலைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன், இது முழுக்கக் கடல் வேலை. ஒன்பதாம் தேதித் தாக்குதல் தோற்றது. கப்பலின் பாய்மரத்து உச்சியில் பாலம் கட்டி, அதை மதில் கோபுரத்தின் மேல் இறக்கி ஆட்கள் ஓட வேண்டும். ஒரு கப்பல் மட்டும் ஒரு கோபுரத்தை எதிர்த்தால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. அடுத்த முறை இரண்டிரண்டு கப்பல்களைச் சேர்த்துக் கட்டினார்கள். பன்னிரண்டாம் தேதி வடகாற்று எழுந்தது. 'யாத்திரிகர்', 'சொர்க்கம்' என்ற இரண்டு கப்பல்கள், சேர்த்துக் கட்டியவை, காற்றிலேயே கோபுரத்தின் மேல் போய் மோதின. முதலில் தாவியவர் ஒரு வெனிஸ்காரர். அங்கேயே வெட்டி வீழ்த்தப்பட்டார். பின்னால் வந்தவர்கள் கோபுரத்தைப் பிடித்தார்கள்.

ஒருவேளை காற்று தெற்கிலிருந்து வந்திருந்தால், படை உணவில்லாமல் கலைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

#11 சேலம் சிவா

அப்புறம் டாண்டோலோ ஏன் பேரரசர் ஆகவில்லை? படை அவருடையது, கப்பல் அவருடையது. ஊர் திரும்பாமல் ஏன் அங்கேயே இருந்தார்?

#12 திசைகாட்டி

நல்ல கேள்வி சிவா. அவர் பெயரும் பேச்சில் அடிபட்டது. அவர் பேரரசர் ஆகியிருந்தால் வெனிஸ் ஒரு பேரரசரின் சொந்த ஊராக மாறியிருக்கும், குடியரசாக இருந்திருக்காது. வெனிஸ் தரப்பு வாக்காளர்களே அதை விரும்பியிருக்க மாட்டார்கள். 1204 மே மாதம் பிளாண்டர்ஸ் பிரபு பால்ட்வின் தேர்வானார். டாண்டோலோ ஊருக்கு வேண்டியதை வாங்கினார்: பேரரசின் எட்டில் மூன்று பங்கு, ஹாகியா சோபியாவின் மறைமுதல்வர் பதவி, கடல்வழித் துறைமுகங்கள். போனிபாஸிடமிருந்து கிரேத்தே தீவின் உரிமையை 1,000 மார்க்குக்கு வாங்கினார். பேரரசருக்கு மண்டியிட்டு விசுவாசம் சொல்லும் கடமையிலிருந்து அவருக்கு மட்டும் விலக்கு.

திரும்ப முடியாததற்குக் காரணம், புதுப் பேரரசு காலே ஊன்றவில்லை. வயதைச் சொல்லி, எருசலேம் போகும் நேர்த்தியிலிருந்து விடுவிக்கும்படி போப்புக்கு எழுதினார். இன்னொசென்ட் மறுத்தார். 1205 ஏப்ரல் 14 அன்று அட்ரியானோபிளில் பல்கேரிய மன்னர் கலோயான் பேரரசர் பால்ட்வினையே சிறைபிடித்துவிட்டார். மிச்சமிருந்த படையை இரவோடு இரவாகக் கடற்கரைக்கு நகர்த்த வேண்டும். முன்னால் போனவர்களை டாண்டோலோ நடத்தினார், பின்னால் காவலாக வில்லார்துவான். அப்படித்தான் ரோதோஸ்தோ துறைமுகத்தை அடைந்தார்கள். தொண்ணூறைக் கடந்த, பார்வையில்லாத ஒருவர் இரவு பகலாகக் குதிரை மேல் இருந்திருக்கிறார். சில வாரங்களில் இறந்தார். ஹாகியா சோபியாவிலேயே அடக்கம் செய்தார்கள்.

#13 காசுப்பெட்டி

இன்றும் அங்கே மேல்மாடத் தரையில் அவர் பெயர் பொறித்த கல் இருக்கிறதே, அது கல்லறைதானா?

#14 மாலா திருச்சி

அந்தக் கல் 19-ஆம் நூற்றாண்டில் வைத்தது. மூலக் கல்லறை ஓட்டோமான்கள் 1453-ல் நகரத்தைப் பிடித்த பிறகு இல்லாமல் போனது.

வெனிஸுக்கு வந்துசேர்ந்த பொருட்களில் சில இன்றும் கண் முன்னால் இருக்கின்றன. குதிரைப் பந்தயத் திடலிலிருந்து கழற்றி வந்த நான்கு உலோகக் குதிரைகள் புனித மாற்கு பேராலயத்தில். 1797-ல் நெப்போலியன் பாரிஸுக்குக் கொண்டுபோய், 1815-ல் திரும்பின. பேராலயத்தின் மூலையில் செந்நிறக் கல்லில் நான்கு ரோமப் பேரரசர்கள் தோளணைத்து நிற்பார்கள். அதில் ஒருவருக்குப் பாதம் இல்லை, வேறு கல்லில் செய்து ஒட்டியிருக்கிறது. உடைந்த அந்தப் பாதம் இஸ்தான்புல்லில் தோண்டியபோது கிடைத்தது, அங்கே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. திடலில் இருந்த மற்ற வெண்கலச் சிலைகள் காசுக்காக உருக்கப்பட்டன. நிகெதாஸ் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதி வைத்திருப்பதால்தான் அவை இருந்ததே நமக்குத் தெரியும்.

டாண்டோலோவை வஞ்சகர் என்று நான் சொல்லவில்லை. தன் ஊருக்குக் கடைசிவரை உண்மையாக இருந்தார். அந்த உண்மைக்கு விலை கொடுத்தது வேறு ஊர். இரண்டையும் சேர்த்தே அவர் பெயரோடு சொல்ல வேண்டும் என்பதுதான் என் வாதம்.

#15 திசைகாட்டி

அதை முழுமனதோடு ஏற்கிறேன் அம்மா. நிகெதாஸின் சிலைப் பட்டியலைப் பற்றி நீங்கள் தனியாக எழுதினால் நன்றாக இருக்கும்.

சிவாவின் கேள்விக்கு ஒன்று விட்டுப்போனது. டாண்டோலோ இறந்ததும் கான்ஸ்டான்டிநோபிளில் இருந்த வெனிஸ்காரர்கள், வெனிஸைக் கேட்காமல், மரினோ ஸெனோ என்பவரைத் தங்கள் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். 'ரோமப் பேரரசின் கால்பங்குக்கும் அதில் பாதிக்கும் அதிபதி' என்ற பட்டத்தையும் அவர் சூட்டிக்கொண்டார். வெனிஸில் 1205 ஆகஸ்டில் புது டோஜேயாகத் தேர்வான பியெத்ரோ ஸியானி உடனே ஆள் அனுப்பினார். இனி அங்கே தலைவரை வெனிஸ்தான் நியமிக்கும் என்று எழுதி வாங்கினார். பட்டமும் பிறகு டோஜேக்கே வந்தது. டாண்டோலோ ஊரில் இல்லாத மூன்று ஆண்டுகளும் நிர்வாகத்தைப் பார்த்தவர் அவருடைய மகன் ரெனியெர். அப்படியும் அடுத்த டோஜே பதவி மகனுக்குப் போகவில்லை, தேர்தல்தான் நடந்தது.

பதவியை மீறி அரசனாக முயன்று 1355-ல் தலை வெட்டுப்பட்ட மரீனோ ஃபலியேரோவைப் பற்றி அடுத்த இழையில் தொடங்குகிறேன். சிவா, அதற்கு முன் 1297-ல் வெனிஸின் பெருமன்றத்தில் இடம் யாருக்கு என்ற விதியை மாற்றினார்கள், அதைக் கொஞ்சம் படித்துவிட்டு வாருங்கள். ஃபலியேரோ எந்தக் குடும்பங்களின் கையிலிருந்து அதிகாரத்தைப் பிடுங்கப் பார்த்தார் என்பது அதில் இருக்கிறது.